மூன்று சன்னல், எட்டுச் செய்தி

பனிமூட்டத்தைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கீழேயிருந்து காரில் வந்து, தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மேகம் கைக்கே வருகிறது என்று குதிக்கிறார்கள். குதிக்கட்டும், அவர்களுக்கு அது ஒரு நாள் கூத்து. குன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் நான் டீ மேக்கராக இருக்கிறேன். பனி என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது இலையை வாட விடாமல் கழுத்தறுக்கிற ஈரம். அதற்கு அடுத்து நினைவு வருவதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

டீ மேக்கர் என்றால் டீக்கடை மாஸ்டர் என்று பெண் வீட்டில் சிலர் நினைத்துவிட்டார்கள். படித்த பெண்ணைக் கொண்டுபோய் டீ ஆற்றுகிறவனுக்குக் கொடுப்பதா என்று கல்யாணப் பேச்சிலேயே ஒரு சலசலப்பு. வருகிற இலையை வாட்டி, அரைத்து, பதம் பார்த்து, காயவைத்துத் தூளாக்கும் வரை அத்தனைக்கும் பொறுப்பு என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் தாம்பூலம் மாற்றினார்கள். அவள் பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தாள். ஒன்று, பூஜ்யம், இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க என்ன பாடம் நடத்த முடியும் என்று நான் கிண்டல் செய்வேன். "ரெண்டு இலை ஒரு மொட்டை வெச்சுக்கிட்டு நீங்க ஆயுசையே ஓட்டறீங்களே, அதுக்கு இது தேவலைங்க" என்பாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறை ஆறி, இருவருமாகச் சிரித்துப் பழகிவிட்ட காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகிற நோய் என்றார் கோயம்புத்தூர் டாக்டர். கீழே இறங்கிவிட்டால் காற்று கொஞ்சம் அடர்த்தியாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். மேட்டுப்பாளையத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்தோம். வெக்கையில் அவள் படுத்த பாட்டைப் பார்த்து, நானே பெட்டியைக் கட்டி மேலே கூட்டி வந்துவிட்டேன். அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. சொல்வதற்கு என்ன, வாய் இருக்கிறது.

வேலையை விட்டு அவள் படுக்கையோடு ஆன பிறகு ஒருநாள் சொன்னாள்: "சாகறதுக்கு எனக்கு ஒண்ணும் பயமில்லீங்க. தனியாச் சாகறதுக்குத்தான் பயமா இருக்குது. அந்த நேரத்துக்கு நீங்க பக்கத்துல இருக்கோணும். வேற ஒண்ணும் கேக்கல."

"இருப்பேன் அம்மிணி" என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் சன்னல் ஏற்பாடு.

எங்கள் குவார்ட்டர்ஸ் ஃபேக்டரிக்கு நேர் எதிர்ச் சரிவில் இருக்கிறது. நடுவில் ஓடை, அதன்மேல் ஒரு பலகைப் பாலம். ஃபேக்டரி மாடியில் இலையை வாடப் போடுகிற நீளக் கூடத்தின் சன்னலில் நின்றால் எங்கள் வீடு முகத்துக்கு முகம் தெரியும். ஃபோன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பள்ளத்துக்குள் டவர் எட்டியும் பார்க்காது. பழைய லைன் கம்பி மழையில் கம்பத்தோடு சாய்ந்தது, நிமிர்த்துவதாகச் சொன்னவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசினால் அவளுக்கு மூச்சு செலவாகும். பேசாமலே சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. இருந்த லீவை எல்லாம் நான் தீர்த்துவிட்டேன். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். "டீ மேக்கர் ஊட்டுல உக்காந்திருந்தா இலை தானா வாடுமா? போங்க" என்று அவளே துரத்துவாள். ஒத்தாசைக்கு அவள் தங்கை அருவங்காட்டிலிருந்து முடிந்த நாளெல்லாம் வந்தாள். தங்கைக்கும் வீடு, பிள்ளைகள் என்று இருந்தது.

அவள் கட்டில் கிடந்த கூடத்தில் பள்ளத்தைப் பார்த்து மூன்று சன்னல்கள். சில்வர் ஓக் பக்கம் இருப்பது மரத்தோரச் சன்னல், அப்புறம் நடுச் சன்னல், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருப்பது தொட்டியோரச் சன்னல். இடது, வலது என்று பேர் வைத்தால் உன் இடதா என் இடதா என்று சண்டை வருமென்று அப்படி வைத்தோம். மூன்றுக்கும் சிவப்புத் துணியில் திரை. எங்கள் ஃபேக்டரி ஃபிட்டர் சின்னச் சின்ன உருளை பூட்டி, வளையமாகக் கயிறு கோத்து, கட்டில் சட்டம் வரை கொண்டுவந்து விட்டார். ஒரு பக்கம் இழுத்தால் திரை மூடும், மறுபக்கம் இழுத்தால் திறக்கும். மூடினால் எதிர்ச் சரிவுக்குச் சிவப்பாகத் தெரியும், திறந்தால் கறுப்பாக. மூன்று திரைக்கு எட்டு விதம், எட்டு விதத்துக்கு எட்டுச் செய்தி. 'நல்லா இருக்கேன்' என்பதில் தொடங்கி ஒவ்வொரு படியாக மோசமாகி, எட்டாவதாக 'ஒடனே வாங்க'. செய்தியைப் பார்த்தேன் என்பதற்கு நான் மாடிச் சன்னலில் நின்று என் வெள்ளைத் துண்டை ஆட்ட வேண்டும்.

முதலில் சாதாரண எண்ணிக்கை வரிசையில்தான் வைத்தாள். தொட்டியோரத்துக்கு ஒன்று, நடுவுக்கு இரண்டு, மரத்தோரத்துக்கு நான்கு. சிவந்திருப்பதைக் கூட்டினால் செய்தியின் எண். பூஜ்யத்துக்கு எல்லாம் திறப்பு, ஏழுக்கு எல்லாம் சிவப்பு. எனக்குப் புரிவதற்கும் சுலபமாக இருந்தது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு காலையில் மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன், மூன்றும் சிவப்பு. துண்டாவது, ஆட்டுவதாவது. படியில் பாதியைத் தாண்டிக் குதித்து, பாலத்தில் வழுக்கி, முட்டி பெயர்ந்து வீட்டுக்குள் விழுந்தேன். அவள் பாட்டுக்குக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். மரத்தோரம் மட்டும் சிவந்திருந்தது.

"ஏனுங்க, என்னாச்சு?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

நடந்தது இதுதான். மூன்று என்ற எண்ணுள்ள செய்தியிலிருந்து நான்கு என்ற எண்ணுக்கு மாறியிருக்கிறாள். அந்த வரிசையில் அதற்கு மூன்று திரையுமே மாற வேண்டும்: நடுவும் தொட்டியோரமும் திறக்க வேண்டும், மரத்தோரம் மூட வேண்டும். முதலில் மரத்தோரத்தை மூடினாள். மூச்சு வாங்கியது, சற்று ஓய்ந்தாள். அந்த ஓய்வில் மூன்றும் சிவப்பாக நின்றன. நான் பார்த்தது அதை. விஷயம் புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. எனக்குக் கோபம். அங்கே ஃபேக்டரி அடுப்பறையில் ஒரு பாரம் தூள் கருகியிருந்தது.

"தப்பு உங்க மேல இல்லீங்க, எம்மேல. பாடமா நடத்தினவளுக்கே புத்தி வேலை செய்யல" என்றாள். "ஒரு நேரத்துல ஒண்ணுக்கு மேல மாறுச்சுன்னா, மாறி முடியறதுக்குள்ள பாக்கறவனுக்குப் பொய்தான் தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறற மாதிரி வரிசை வெக்கோணும். அடுப்படில இருந்து மூணு டம்ளர் எடுத்துட்டு வாங்க."

அந்த வரிசைக்குப் புத்தகத்தில் ஒரு பேர் இருக்கிறது, யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேர். நான் அதைச் சொல்லப்போவதில்லை. எனக்கு அது அவள் கணக்கு.

போர்வைமேல் ஒரு டம்ளரை நிமிர்த்தி வைத்தாள், அது திறந்த சன்னல்; கவிழ்த்தாள், அது மூடிச் சிவந்த சன்னல். "ஒரு டம்ளருக்கு வழி இவ்வளவுதான். இப்ப இன்னொண்ணு சேக்கறேன். புதுசு நிமிந்தே இருக்கட்டும். பழைய டம்ளர் அதோட வழில கடைசி வரைக்கும் போகட்டும். போய்ச் சேந்ததும் புதுச மட்டும் கவுத்துங்க. அப்புறம் பழசு போன வழிலயே திரும்பி வரட்டும்." மூன்றாவது டம்ளருக்கும் அதே கதைதான். முதல் இரண்டும் தங்கள் வழியில் போகும். எல்லையில் மூன்றாவது கவிழும். இரண்டும் வந்த வழியே திரும்பும். எட்டு நிலையும் வந்துவிடுகிறது, எதுவும் இரண்டு முறை வரவில்லை, ஒவ்வொரு அடிக்கும் ஒரே ஒரு டம்ளர்தான் அசைகிறது. வேலைக்குப் போய் வருகிற மாதிரி இருக்கிறதே என்றேன். "அதேதாங்க. போறப்ப வெறுங்கையோட, வர்றப்ப கையில ஒண்ணோட" என்றாள்.

கடைசி நிலையில் பழைய இரண்டும் நிமிர்ந்து நிற்க, மூன்றாவது மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அதையும் நிமிர்த்தினாள். தொடங்கிய இடம். "பாத்தீங்களா, சுத்தி வந்து சேந்துக்குச்சு. இதுதான் இதுல அழகே." அவள் முகத்தில் வகுப்பறை திரும்பி வந்திருந்தது. அப்படி அவளை நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

எனக்கு மனசில் ஒன்று உறுத்தியது. "அப்ப 'ஒடனே வாங்க'ன்றதுக்கும் 'நல்லா இருக்கேன்'ன்றதுக்கும் நடுவுல ஒத்தக் கயிறுதானா அம்மிணி?"

"ஆமாங்க. அப்படித்தான் இருக்கோணும். நீங்க ஓடி வந்துட்டா அப்புறம் எனக்கென்ன? ஒரே இழுப்புல நல்லாயிருவேன்."

அவளைப் பொறுத்தவரை அது விளையாட்டுப் பேச்சு இல்லை. மரத்தோரச் சன்னல்தான் அந்த மூன்றாவது டம்ளர். ஆக்சிஜன் மெஷினைப் போட்டால் அது சிவக்கும்; போகப் போக மற்ற இரண்டும் மாறிக்கொண்டே வந்து, கடைசியில் அது மட்டும் சிவப்பாக நின்றால் நான் ஓடி வர வேண்டும். நான் வந்த பிறகு அதைத் திறந்துவிடுவோம். அப்படி இரண்டு மூன்று தடவை ஓடியும் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் சமாளித்து எழுந்தாள், அந்தக் கயிற்றை அவளே இழுத்துத் திறந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எஸ்டேட்டில் ரகசியம் நிற்குமா? கொழுந்து பறிக்கிற பெண்களுக்கெல்லாம் இந்த வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. கூடையோடு நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு டீச்சரம்மாவுக்கு நடுச் சன்னல்தான்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை பேருக்குப் பாடம் புரிந்ததே என்பாள்.

மழை முடிந்து இலை பொங்கி வரும் பருவம் வந்தபோது மெஷின் இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. நான் இல்லாத பொழுதில் மரத்தோரச் சன்னல் திறந்திருந்து பல வாரம் ஆயிற்று. அது சிவப்பாகவே இருந்து என் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது.

அன்று காலை நான் கிளம்பும்போது மரத்தோரமும் நடுவும் சிவப்பு. மெஷின் ஓடுகிறது, மற்றபடி தொந்தரவில்லை என்று பொருள். தங்கை முந்தின நாள் மாலை ஊருக்குப் போயிருந்தாள். "பொழுதோட வந்துருவா, நீங்க போங்க" என்று கட்டிலில் இருந்தபடியே என்னை அனுப்பினாள். போர்வையை இழுத்துவிட்டேன். நான் பாலம் தாண்டும்போதே பனி இறங்க ஆரம்பித்தது. மாடி ஏறிப் பார்த்தால் சன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர். அடுப்புக்கும் மாடிக்குமாக ஏறி ஏறி இறங்கினேன். ஒவ்வொரு முறையும் அதே வெள்ளை. பனியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் என்ன என்று ஒரு முறை தோன்றியது. அதற்குள் இலை லாரி வந்தது, இறங்கினேன்.

உச்சிப் பொழுதுக்குப் பனி விலகியது. மாடிக்கு ஓடினேன். மூன்று சன்னலும் திறந்திருந்தன. மரத்தோரச் சன்னலும்.

சந்தோஷப்பட்டேன். எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பல வாரமாகத் திறக்காத சன்னல் திறந்திருக்கிறது. மெஷினைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். துண்டை எடுத்து, வழக்கத்துக்கு மேலாக, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி ஆட்டினேன். கீழே வந்து அடுப்பு பார்க்கிறவரிடம், "இன்னைக்கு ஊட்டுல மூச்சு தேவலையாட்ட இருக்குது" என்றேன். அவரும் சாமியைக் கும்பிட்டார். அதனால் அவசரப்படவில்லை. போட்ட பாரம் காய்ந்து இறங்கும் வரை நின்றேன். அருமையான தூள். சூடு ஆறாத தூளின் வாசனை அவளுக்கு உயிர். ஒரு பிடி பேப்பரில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடை போட நின்ற பெண்களில் மூத்தவள் என்னைப் பார்த்ததும் கூடையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள்.

"டீமேக்கரையா, இப்பத்தானா வாறீங்க?"

"ஏம்மா?"

"நாங்க வீட்டுக்குக் கிட்டத்தான் பறிச்சுக்கிட்டு நின்னோம், பனிலயும் சன்னல் தெரிஞ்சிச்சு. ஒண்ணு ஒண்ணா மாறிக்கிட்டே வந்திச்சுங்க. கடைசியா மரத்தோரம் மட்டும் செவப்பா ரொம்ப நேரம் நின்னிச்சு. போய்ப் பாப்பம்னு நான் கூடைய எறக்கி வெச்சிட்டேன். அதுக்குள்ள தெறந்திருச்சு." அவள் குரல் இறங்கியது. "ஐயா வந்திட்டாருன்னு நெனச்சுக்கிட்டோம்."

நான் மேலே ஏறினதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கிலேயே இருந்தது. தலையணையில் சாய்ந்து, முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வலது கைக்குள் மரத்தோரச் சன்னலின் கயிறு, திறக்கிற பக்கம். கை சில்லிட்டிருந்தது. சட்டைப்பையில் தூள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்புறம் ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசி நேரத்தில் கை தானாக இழுத்துக்கொள்ளும், அதற்கு அர்த்தம் கிடையாது என்றார் டாக்டர். உங்களை அலைய வைக்க வேண்டாமென்று அக்காவே திறந்துவிட்டாள் என்றாள் தங்கை. விதி, கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று சொன்ன ஒருவரிடம் நான் காது கூசும்படி பேசிவிட்டேன். அவ்வளவுதான் என்று அளந்து பார்த்தவர் போல என்ன பேச்சு அது? கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன். எட்டில் ஒன்றை விட்டு, ஏழு செய்தி போதுமென்று வைத்திருந்தால் கடைசிச் செய்தி ஓரத்துச் சன்னல் இரண்டும் சிவப்பாக இருப்பதாக ஆகியிருக்கும். ஒரு கயிறு நழுவினாலும் 'நல்லா இருக்கேன்' என்று வந்திருக்காது. அந்தப் பெண்ணும் மேலே ஏறிப் போயிருப்பாள். வட்டம் வந்து சேருவதுதான் அழகு என்று புத்தகத்தில் எழுதியவனுக்குப் படுக்கையில் கிடக்கிற மனுஷி ஒருத்தி கையில் அந்தக் கயிறு வரும் என்று தெரியுமா?

ஆனால் கோபம் அடங்கின நேரத்தில் அவள் சொன்னதுதான் காதில் விழுகிறது. நீங்க வந்துட்டா ஒரே இழுப்புல நல்லாயிருவேன். யார் வந்தார்கள் என்று நினைத்து அவள் அந்தக் கயிற்றை இழுத்தாள்? நான் வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியதா? அப்படித் தோன்றியிருந்தால் அவள் தனியாகச் சாகவில்லை. வராதவனை வந்ததாக நினைத்துக்கொண்டு செத்திருக்கிறாள். இதில் எது பெரிய துக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். திரைகள் திறந்தது திறந்தபடியே இருந்தன. மாடிச் சன்னலுக்குப் போகக்கூடாது என்று நினைப்பேன், கால் போகும். மூன்றும் கறுப்பாக இருக்கும். திரும்பி வந்துவிடுவேன்.

ஒரு நாள் பிற்பகல் பார்க்கிறேன், மரத்தோரச் சன்னல் மட்டும் சிவப்பு.

அவள் செத்துப்போனது எனக்குத் தெரியும். கொள்ளி வைத்தவனே நான்தான். எல்லாம் தெரிந்தும் ஓடினேன். வாடப் போட்ட இலையை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கூப்பிடக் கூப்பிட ஓடினேன். பாலத்தில் செருப்பு கழன்றது. பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். உள்ளே கொழுந்தியா தரையில் உட்கார்ந்து அக்காளின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சன்னலைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ மாமா... வெயில் மூஞ்சில அடிச்சுதுன்னு இழுத்து உட்டேனுங்க... நெனப்பே இல்லீங்க மாமா..."

பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. மூச்சு கிடைக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. கட்டிலில் அவள் சாய்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். சட்டத்தில் தொங்கிய கயிற்றைத் தேடி எடுத்து ஒரே இழுப்பு இழுத்தேன். திரை விலகியது.

"வந்துட்டேன் அம்மிணி" என்றேன்.

கொழுந்தியா புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தக் கட்டிலிலிருந்து நான் அதுவரை பள்ளத்தைப் பார்த்ததே இல்லை. ஃபேக்டரியின் மாடிச் சன்னல் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அதில் துண்டு ஆட்ட யாரும் இல்லை.